டெலஸ்கோப் படம் மங்கலா? முதலில் ஒரு நட்சத்திரத்தை எடுத்துப் பாருங்கள்

டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி நிலாவைப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்பார்கள்: "கண்ணை வைத்துப் பார்த்தால் பள்ளம் பள்ளமாக அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, படத்தில் மட்டும் ஏன் சொதப்புகிறது?" அதற்கு அடுத்த கேள்வி பெரும்பாலும் "வேறு என்ன கேமரா வாங்கலாம்?" என்பதாக இருக்கும். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். படம் மங்குவதற்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றும் படத்தை வேறு வேறு விதமாகக் கெடுக்கும், எது கெடுக்கிறது என்று தெரியாமல் பணத்தைக் கொட்டினால் புதுக் கேமராவிலும் அதே மங்கல்தான் வரும்.

எது என்று கண்டுபிடிக்க நல்ல வழி, நிலாவை விட்டுவிட்டு ஏதாவது ஒரு நட்சத்திரத்தைப் படம் எடுப்பது. நட்சத்திரம் புள்ளியாக வரவேண்டும். சின்ன வட்டமாகவோ நடுவில் ஓட்டை விழுந்த வளையமாகவோ வந்தால் ஃபோகஸ் தப்பு. படத்தின் நட்டநடுவிலேயே ஒரு பக்கமாக வால் நீட்டிக்கொண்டு நின்றால் கண்ணாடிகள் நேராக இல்லை, அதாவது கொலிமேஷன் போயிருக்கிறது. எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் சீரான கோடாக இழுத்திருந்தால் வானத்தின் ஓட்டத்தை மவுண்ட், அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அமைப்பு, சரியாகத் தொடரவில்லை. கோடு நெளிந்தோ இரட்டைப் புள்ளியாகவோ இருந்தால் எதுவோ அதிர்ந்திருக்கிறது. நடுவில் நன்றாக இருந்து மூலைகளில் மட்டும் வால் முளைத்தால் அது கோமா, வளைந்த கண்ணாடிக்கே உரிய ஒரு குறை. எல்லாம் சரியாக இருந்தும் புள்ளி குண்டாக, படத்துக்குப் படம் வேறு அளவில் வந்தால் காற்று. நேரம் ஆக ஆகப் பெருத்துக்கொண்டே போனால் பனி படிகிறது, இல்லையென்றால் குளிரில் ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது.

பேச்சுக்கு ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவிய நீளமும் உள்ள நியூட்டோனியன் (கண்ணாடிகளால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்). குவிய நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 5, அதாவது எஃப் 5. பின்னால் பழைய கேனன் 600டி. அந்தக் கேமராவின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். பிக்சல் அளவை 206 ஆல் பெருக்கிக் குவிய நீளத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று வரும், இங்கே 1.18 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). நிலா சுமார் 1,600 பிக்சல் அகலத்துக்கு வரும், வியாழன் பெரிதாக இருக்கும் காலத்திலும் 38 பிக்சல்தான். நிலாவின் மேல் ஒரு பிக்சல் என்றால் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கீழே வருகிற எல்லாவற்றுக்கும் இந்த எண்கள்தான் அளவுகோல். உங்களிடம் இருப்பது வேறு கருவி என்றால் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோகஸே கிடைக்கவில்லை என்றால்

நியூட்டோனியன் வைத்திருப்பவர்கள் முதலில் முட்டி நிற்பது இங்கேதான். கேமராவை டெலஸ்கோப்பில் பொருத்தும் டி-ரிங் வளையத்தைப் போட்டுக் கேமராவைச் செருகுகிறோம், ஃபோகஸரை உள்ளே உள்ளே திருப்புகிறோம், படம் தெளிந்துகொண்டே வருகிறது, சரியாக வரப்போகிற நேரத்தில் குழாய் நின்றுவிடுகிறது. காரணம், கேமராவின் சென்சார் டி-ரிங்கின் முகத்திலிருந்து 55 மி.மீ. பின்னால் இருக்கிறது; கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த டெலஸ்கோப்பில் பிம்பம் அவ்வளவு தூரம் வெளியே வந்து விழாது. சுலபமான வழி நடுவில் ஒரு 2 மடங்கு பார்லோவை, அதாவது பிம்பத்தைப் பெரிதாக்கும் லென்ஸைப் போடுவது. அது பிம்பத்தை வெளியே தள்ளிக் கொடுக்கும், அப்போதும் முழு நிலா 13.6 மி.மீ. அகலத்தில் விழுவதால் 600டி-யின் 14.9 மி.மீ. உயரச் சென்சாருக்குள் அடங்கிவிடும். நீளமான போல்ட் போட்டு முதன்மைக் கண்ணாடியையே மேலே ஏற்றுகிறவர்களும் உண்டு. நெபுலா எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் மட்டும் அதில் கை வையுங்கள். லென்ஸ் டெலஸ்கோப்பில் பிரச்சினை நேர்மாறு: பார்வையை மடக்கித் தரும் டயகனலைக் கழற்றியதும் ஃபோகஸர் வெளியே எட்டாது, நடுவில் ஒரு நீட்டிப்புக் குழாய் வேண்டும்.

இதை இருட்டில் தடவிக்கொண்டிருக்காமல் பகலிலேயே தூரத்துச் செல்போன் டவரை வைத்துச் சோதித்துவிடலாம். டவர் 200 மீட்டர் தள்ளி இருந்தால், நட்சத்திரத்துக்கு அதைவிடக் கிட்டத்தட்ட 3 மி.மீ. உள்ளே போகவேண்டி வரும், அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். முன்பக்க ஃபில்டர் இல்லாமல் குழாய் சூரியன் பக்கம் திரும்பினால் கேமரா போவது ஒருபுறம், யாராவது கண்ணை வைத்துவிட்டால் பார்வையே போகும்.

அந்த 67 மைக்ரான்

எஃப் 5 டெலஸ்கோப்பில் ஃபோகஸ் சரி என்று சொல்லக்கூடிய இடைவெளி மொத்தமே சுமார் 67 மைக்ரான். ஜெராக்ஸ் தாளின் தடிமன் 100 மைக்ரான் இருக்கும், அதைவிடக் குறைவு. எஃப் 10 என்றால் நான்கு மடங்கு தாராளம் கிடைக்கும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து "தெளிவாத்தான் இருக்கு" என்று முடிவு செய்வது இதனால்தான் உதவாது. கேமராவின் திரையில் லைவ் வ்யூவைப் போட்டு 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பெரிதாக்கினாலும் நட்சத்திரம் காற்றில் துடித்துக்கொண்டிருக்கும், எங்கே நிறுத்துவது என்று கண் தடுமாறும். அதற்குத்தான் பாஹ்டினோவ் மாஸ்க். ரஷ்யாவைச் சேர்ந்த பாவெல் பாஹ்டினோவ் 2005-இல் கொடுத்த யோசனை. ஒரு வட்ட அட்டையில் மூன்று சாய்வில் வரிவரியாக வெட்டிய ஓட்டைகள், அவ்வளவுதான். குழாயின் வாயில் வைத்தால் பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து பெருக்கல் குறி போல இரண்டு கோடுகளும் அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றும் கிளம்பும். ஃபோகஸரைத் திருப்பத் திருப்ப அந்த நடுக்கோடு மட்டும் பக்கவாட்டில் நகரும், பெருக்கல் குறியின் சந்திப்பை அது சரியாக வெட்டும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். கறுப்புச் சார்ட் அட்டையில் நீங்களே பிளேடால் வெட்டிக்கொள்ளலாம், ஓரம் கொஞ்சம் பிசிறடித்தாலும் வேலை செய்யும். ரோகிணி, சுவாதி, கேட்டை, எது மேலே இருக்கிறதோ அதில் ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு எடுக்க வேண்டிய பொருளுக்கு டெலஸ்கோப்பைத் திருப்புங்கள். மாஸ்க்கை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். மாஸ்க் இல்லாதவர்களுக்கு நியூட்டோனியனிலேயே ஒரு வசதி இருக்கிறது: இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் தகடுகளால் நட்சத்திரத்தைச் சுற்றி நான்கு கதிர்கள் வரும், ஃபோகஸ் விலகினால் ஒவ்வொரு கதிரும் இரண்டாகப் பிளந்து தெரியும்.

கடைசித் திருப்பம் எப்போதும் கேமராவை மேலே தூக்கும் திசையில் முடியட்டும், அப்போதுதான் பல்சக்கரத்தின் தளர்ச்சியால் கேமரா தன் எடையில் சறுக்காது. பூட்டும் திருகை இறுக்கியதும் மறுபடி ஒரு தடவை பாருங்கள், இறுக்கும்போதே நகரும் ஃபோகஸர்கள் ஏராளம். அப்புறம் இன்னொன்று: இரும்புத் தகட்டால் செய்த 750 மி.மீ. குழாய் 5 டிகிரி குளிர்ந்தால் சுமார் 45 மைக்ரான் சுருங்கும், அலுமினியம் என்றால் 86. மேலே சொன்ன 67-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழு மணிக்குச் செய்த ஃபோகஸ் பத்து மணிக்கு ஏன் நிற்கவில்லை என்பது புரிந்துவிடும்.

நடுவில் வால், மூலையில் வால்

கொலிமேஷன் சோதிக்க லேசர் அவசியமில்லை. நட்சத்திரத்தைப் படத்தின் நட்டநடுவில் நிறுத்தி ஃபோகஸைச் சற்றே விலக்குங்கள், வளையத்துக்குள் இரண்டாம் கண்ணாடியின் நிழல் கறுப்பாகத் தெரியும், அது நடுவில் உட்கார்ந்திருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் முதன்மைக் கண்ணாடியின் திருகுகளில் ஒன்றை அரைக்கால் சுற்று திருப்பி நிழல் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்; ஒவ்வொரு தடவை தொட்டதும் நட்சத்திரம் நடுவிலிருந்து ஓடிவிடும், அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த முடிவு. இதை விட்டுவிட்டால் மணிக்கணக்கில் திருகிக்கொண்டே இருக்கலாம்.

நடுவில் என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், எஃப் 5 நியூட்டோனியனில் கோமா தொந்தரவு இல்லாத வட்டம் 3 மி.மீ. கூட இல்லை, சென்சாரோ 22 மி.மீ. அகலம். மூலையில் நட்சத்திரம் வால் விடுவது அந்த வடிவமைப்பின் இயல்பு, கொலிமேஷனைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. கோமா கரெக்டர் வாங்கலாம், இல்லையென்றால் மூலையை வெட்டிவிடலாம். கோள்கள் எடுக்கிறவர்களுக்கு இரண்டும் தேவையில்லை, கோளை நடுவில் வைத்தால் போதும்.

அதிர்வு

இங்கே ஒரு கணக்கு நிறைய சந்தேகங்களைத் தீர்த்துவிடும். வானம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. முழு நிலாவை எஃப் 5-இல் ஐ.எஸ்.ஓ 100 வைத்து எடுத்தால் 1/500 வினாடிக்குப் பக்கத்தில் போதும். அந்த நேரத்தில் நிலா நகர்வது 0.03 ஆர்க்செகண்ட், பிக்சலில் நாற்பதில் ஒரு பங்கு. 1/60 வினாடி என்றாலும் கால் பிக்சல்தான். ஆகவே கையால் தள்ளித் திருப்பும், மோட்டார் இல்லாத டாப்சோனியன் டெலஸ்கோப்பில் எடுத்த நிலாப்படம் இழுத்திருந்தால் "டிராக்கிங் இல்லாததால்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது, குற்றவாளி பெரும்பாலும் அதிர்வுதான்.

லைவ் வ்யூவை 10 மடங்கில் வைத்துக் குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஆட்டம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது? மூன்று வினாடிக்கு மேல் போனால் முக்காலியின் கால்களை நீட்டாமல் முழுக்க உள்ளே தள்ளிவிடுங்கள், நடுவில் மணல் பையோ தண்ணீர் கேனோ தொங்கட்டும், எதிலும் உரசாமல். 2 வினாடி டைமரை நம்ப வேண்டாம், 10 வினாடி வையுங்கள், அல்லது ரிமோட். லைவ் வ்யூவிலிருந்தே எடுத்தால் கேமராவுக்குள் கண்ணாடி தூக்கி அடிக்கும் உதறல் இருக்காது. காற்றில் படபடக்கும் கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள்.

மொட்டை மாடியிலிருந்து எடுப்பவர்கள் முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணோ பீமோ போகும் இடத்துக்கு மேல் வைத்தால் நல்லது, நடுத்தளம் ஆள் நடந்தாலே அசையும். கீழே மோட்டார் ஓடினால் அது படத்தில் தெரியும். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களை உட்காரச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காற்று

ஃபோகஸும் கொலிமேஷனும் அதிர்வும் சரியாகிவிட்டால் மிச்சம் இருப்பது வளிமண்டலம். 150 மி.மீ. டெலஸ்கோப்பால் 0.77 ஆர்க்செகண்ட் வரை பிரித்துக் காட்ட முடியும், ஆனால் பெரும்பாலான இரவுகளில் காற்று அதை 2 அல்லது 3 ஆர்க்செகண்டாகக் கலக்கிவிடுகிறது. வானம் கறுத்து, நட்சத்திரங்கள் எல்லாம் வெட்டி வெட்டி மின்னும் இரவைப் பார்த்து ஆசைப்பட்டு ஏமாறாதீர்கள். லேசான மூட்டம் இருந்து நட்சத்திரங்கள் மினுக்காமல் நிற்கும் இரவு கோள்களுக்கு எவ்வளவோ மேல்.

இந்தக் காற்றுக் கலக்கத்தில் பெரும் பங்கு நாம் நிற்கும் இடத்திலிருந்தே கிளம்புவது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் சூட்டைக் கக்கும், சித்திரை வைகாசியில் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. மாலையிலேயே தண்ணீர் ஊற்றி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு கருவியை வைத்தால் கொஞ்சம் உதவும். மண் தரையோ புல் தரையோ கிடைத்தால் மாடியை மறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்கு மேலே இருக்கும் கோளை எடுக்க முயல வேண்டாம், அது நகர்ந்து வரட்டும். படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிடுங்கள், ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி முதல் சென்சார் வரை வேர்த்துவிடும், மார்கழியில் பனி வேறு சேர்ந்துகொள்ளும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் அட்சரேகை பெரிய வரம். கோள்கள் எல்லாம் சூரியன் போகும் பாதையை ஒட்டியே போவதால், சென்னையில் அவை தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும்போது 50 டிகிரிக்குக் கீழே இருப்பது அரிது, பல வருடங்கள் தலைக்கு மேலேயே வரும். லண்டன்காரர்களுக்கு அதே கோள் சில வருடங்களில் 15 டிகிரியில், மூன்று நான்கு மடங்கு காற்றின் வழியாகத் தெரியும். அவர்கள் நிறச்சிதறலைத் திருத்தக் காசு கொடுத்து வாங்கும் ப்ரிஸம் கருவி நமக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. கோள் உச்சிக்கு வரும் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் மட்டும் எடுங்கள்.

நிலாவுக்கும் நேரம் முக்கியம். பௌர்ணமியன்று எடுத்தால் நிழலே இல்லாததால் எவ்வளவு துல்லியமாக ஃபோகஸ் செய்தாலும் படம் தட்டையாகத்தான் தெரியும். வளர்பிறை அஷ்டமி, நவமி பக்கம் எடுங்கள். நவமி, தசமியில் தெற்கே கிளேவியஸ் பள்ளம் வெளிச்சத்துக்கு வரும், 225 கிலோமீட்டர் அகலம், அதன் தரையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் ஒரு வில்லாக, பெரியதிலிருந்து சிறியதாக வரிசை கட்டியிருக்கும். அந்த வரிசையில் எத்தனையாவது வரை உங்கள் படத்தில் எண்ண முடிகிறது என்பதுதான் உங்கள் கருவிக்கும் அன்றைய காற்றுக்கும் சேர்த்துத் தேர்வு.

கோள்களுக்கு வீடியோதான்

காற்று ஒரே சீராகக் கலங்குவதில்லை, இடையிடையே ஒரு நொடியின் சின்னப் பகுதிக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கும் வாய்ப்பு எவ்வளவு என்று டேவிட் ஃப்ரைட் என்ற இயற்பியலாளர் 1978-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆயிரக்கணக்கான ஃப்ரேம் எடுத்து நல்லதை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறைக்கு அதுதான் அடிப்படை. ஒற்றைப் புகைப்படமாக வியாழனை எத்தனை எடுத்தாலும் தெளிவாக வராத பட்டைகள் இதில் வந்துவிடும்.

600டி-யில் வீடியோவுக்கு 3 மடங்கு டிஜிட்டல் ஜூம் வைத்தால் சென்சாரின் நடுப்பகுதியை அப்படியே பதிவு செய்யும், தொடங்குவதற்கு அது போதும். நிஜமாகவே கேமராவுக்குப் பணம் போட நியாயம் இருக்கும் இடம் இதுதான்: 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள சின்னக் கோள் கேமராக்கள் வினாடிக்கு நூறு ஃப்ரேம் வரை, தரவைச் சுருக்காமல் கொடுக்கும். எவ்வளவு பார்லோ என்பதற்குப் பிக்சல் மைக்ரானை ஐந்தால் பெருக்கினால் வேண்டிய எஃப் எண் வரும், 2.9 என்றால் 14.5, எஃப் 5 குழாய்க்கு 3 மடங்கு பார்லோ கச்சிதம். அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், இருட்டாகும், விவரம் மட்டும் கூடாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் ஒரு வீடியோ மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அதற்குமேல் போனால் அது சுழலும் வேகமே படத்தை மங்க வைக்கும்.

நெபுலா, கேலக்ஸி என்று போனால்

இங்கே டிராக்கிங் இல்லாமல் முடியாது, ஒரு வினாடி திறந்தாலே நட்சத்திரம் 13 பிக்சல் ஓடிவிடும். வானத்தோடு சேர்ந்து சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட்டின் அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும், நமக்குத் துருவ நட்சத்திரம் சென்னையில் 13 டிகிரி உயரம், மதுரையில் 10, நாகர்கோவிலில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் போதும் அதை மறைக்க. நட்சத்திரம் நகர்வதைப் பார்த்து அச்சைச் சரிசெய்யும் டிரிஃப்ட் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது நினா மென்பொருளில் வானத்தின் எந்த மூலையிலும் மூன்று படம் எடுத்து அச்சைக் கணிக்கும் வசதி இருக்கிறது. அச்சு 10 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு) விலகியிருந்தால் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2.6 ஆர்க்செகண்ட் நகரும், நம் 600டி-யில் இரண்டு பிக்சல். அதனால் 30 வினாடிப் படங்களாக நிறைய எடுத்து அடுக்குகிறவர்கள் அச்சில் ரொம்ப வருத்திக்கொள்ள வேண்டாம், மவுண்ட்டின் பல்சக்கரப் பிழை அதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்கு மேல் போக, ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் பி.எச்.டி2 மென்பொருளும் அதற்கென ஒரு கைடு கேமராவும் வேண்டும்.

அடுக்கி முடித்த பிறகு

கோள்களுக்கும் நிலாவுக்கும் படங்களை அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் நல்ல ஃப்ரேம்களில் முதல் 10 முதல் 20 சதவீதத்தை அடுக்கினால் போதும், காற்று மோசமான இரவில் இன்னும் குறைக்கலாம். அடுக்கி வந்த படம் மென்மையாக, ஏமாற்றமாகத் தெரியும். ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் படத்தைக் கூர்மையாக்கும் வேவ்லெட் ஸ்லைடரை நகர்த்தினால்தான் விவரம் எழும்பும். வியாழனின் விளிம்புக்குள் மெல்லிய இரண்டாவது விளிம்பு ஒன்று தோன்றினாலோ நிலாப் பள்ளங்களின் ஓரம் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி ஆனாலோ ஸ்லைடர் அதிகம் போய்விட்டது. அந்தக் கோடு மறையும்வரை பின்னால் இழுத்து, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் நிறுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள்.